சென்னிமலைப் போர்வைக் கடைக்கு இணையதளம்: எதற்கு எவ்வளவு ஒதுக்குவது?

தறிவீடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்னிமலையில் எங்கள் குடும்பம் போர்வை, துண்டு, ஜமுக்காளம், மேசை விரிப்பு ஆகியவற்றை விற்கும் கடையை நடத்தி வருகிறது. கொஞ்சம் சொந்தத் தறியில் நெய்கிறோம். பெரும்பகுதியைச் சுற்றுவட்டார நெசவாளர்களிடமிருந்து வாங்குகிறோம். கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள்தான் பல ஆண்டுகளாக எங்கள் சில்லறை வாடிக்கையாளர்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு அதே போர்வை இன்னும் இரண்டு வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்பது வழக்கமாகிவிட்டதால், இப்போது சென்னை, மதுரை, திருச்சிக்கு வாரந்தோறும் பார்சல் போகிறது. பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் கேட்கிறார்கள்; அங்கெல்லாம் இன்னும் அனுப்பத் தொடங்கவில்லை.

இதை ஒழுங்காகச் செய்ய ஓர் இணையதளம் வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்து மூன்று இடங்களில் விலை கேட்டோம். ஒருவர் 18,000 ரூபாய்க்கு, முதலாண்டு டொமைனும் (தளத்தின் இணைய முகவரி) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைத்திருக்கும் கணினி இடத்தின் வாடகை) உள்பட எல்லாம் அடக்கம் என்றார். இன்னொருவர் தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ், அதில் கடை வசதியைச் சேர்க்கும் வூகாமர்ஸ் ஆகியவற்றைக் கொண்டு முழுமையான கடை அமைத்துத் தர 65,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர் எங்களுக்கென்றே தனியாக நிரல் எழுதித் தருவதாகச் சொல்லி 1,60,000 ரூபாய் கேட்கிறார். எங்களிடம் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட சரக்கு வகைகள் இருக்கின்றன. நிறங்களைத் தனித்தனியாக எண்ணினால் இருநூறைத் தாண்டும். ஆண்டு விற்றுமுதல் 45 லட்சத்தை ஒட்டி வரும். ஜிஎஸ்டியில் இணக்கமுறைத் திட்டத்தில், அதாவது சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டை வரியாகக் கட்டும் காம்போசிஷனில், இருக்கிறோம்.

இந்த ஆண்டு இதற்காக 80,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். ஒரே வேலைக்கு விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது, தளம் தயாரான பிறகு ஆண்டுதோறும் என்னென்ன செலவு வரும், எதில் சிக்கனம் பார்க்கலாம், எதில் பார்க்கக் கூடாது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

வலைத்தச்சர்

வணக்கம் ஐயா. நான் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சிறு கடைகளுக்கும் ஆலைகளுக்கும் தளம் அமைத்துத் தரும் தொழிலில் இருப்பவன். உங்களிடம் வந்திருக்கும் மூன்று விலைகளும் ஒரே வேலைக்கானவை அல்ல. 18,000 ரூபாய்க்குக் கிடைப்பது, ஏற்கெனவே இருக்கும் ஒரு வார்ப்புருவில் (டெம்ப்ளேட்) உங்கள் கடையின் பெயரையும் பத்து இருபது படங்களையும் ஏற்றிய தளம். அது தவறான பொருள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இருநூறு நிறங்களை ஏற்றும் உழைப்பு அந்த விலைக்குள் நிச்சயமாக இருக்காது. 1,60,000 ரூபாய்க்குத் தனி நிரல் எழுதும் தேவை உங்களைப் போன்ற கடைக்கு இல்லை. சரக்கைக் காட்டுவது, கூடையில் போடுவது, பணம் பெறுவது, பில் அனுப்புவது ஆகிய எல்லாவற்றையும் வூகாமர்ஸ் போன்ற இலவசத் திறமூல மென்பொருள் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறது. எழுதியவர் ஊரை விட்டுப் போய்விட்டாலோ தொழிலை மாற்றிக்கொண்டாலோ, தனி நிரலைத் திறந்து திருத்த வேறொருவர் கிடைப்பது அரிது. வேர்ட்பிரஸ் தெரிந்தவரோ ஈரோட்டிலும் திருப்பூரிலும் எளிதாகக் கிடைப்பார்.

ஆகவே நடுவில் இருக்கும் 65,000 ரூபாய் விலையை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். கட்டுமானச் செலவோடு நிறுத்தாமல் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 65,000 என்பது 76,700 ஆகிறது. டொமைன் ஆண்டுக்கு 1,300 ரூபாய் என்று வைத்தால் மூன்றாண்டுக்கு 3,900. ஹோஸ்டிங் முதலாண்டுச் சலுகை விலையில் 5,000 ரூபாய்க்குக் கிடைத்தாலும், புதுப்பிக்கும்போது சலுகை நீங்கிவிடுவதால் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் 9,000 வீதம் வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 23,000. கூடுதல் வசதிகளுக்காகத் தளத்தில் சேர்க்கும் கட்டணச் செருகுநிரல்களின் (பிளகின்) உரிமம் ஆண்டுக்கு 8,000 என்றால் 24,000. இரண்டாம் ஆண்டிலிருந்து பராமரிப்புக்கு ஆண்டுக்கு 12,000 வீதம் இன்னொரு 24,000. இவற்றைக் கூட்டினால் 74,900 வருகிறது. அமைப்பதற்குக் கொடுத்த தொகைக்கு ஏறக்குறைய சமமான தொகையை மூன்றாண்டுகள் ஓட்டுவதற்கும் கொடுக்கிறீர்கள்; ஆகமொத்தம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. விலை கேட்கும்போது இந்த இரண்டாம் பாதியை யாரும் தாமாக எழுதிக் கொடுப்பதில்லை. நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஷாப்பிஃபை போன்ற வாடகைத் தளத்தில் கட்டுமானச் செலவு குறையும். ஹோஸ்டிங், பாதுகாப்புப் பற்றிய கவலையும் இல்லை. தொடக்கத் திட்டத்துக்கு மாதம் 1,500 முதல் 2,000 ரூபாய் என்றால் மூன்றாண்டுக்கு 54,000 முதல் 72,000 வரை ஆகும். அதற்கு மேல் கூடுதல் வசதிகளுக்கான மாத வாடகையும், விற்பனைத் தொகையில் ஒரு பிடித்தமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தொழில்நுட்பம் அறிந்தவர் வீட்டில் ஒருவரும் இல்லை என்றால் இதுவும் நல்ல வழியே. ஆனால் வாடகையை நிறுத்திய மாதமே கடை மூடப்படும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சிக்கனம் பார்க்கக் கூடிய இடங்களும் உண்டு. தளத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் மூவாயிரம், நாலாயிரம் என்று தனியாகப் பில் போட்டால் ஏற்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. காலாவதியாகும் முன்பே அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஏற்பாடு செய்திருக்கின்றன. குறுஞ்செய்தி வழியாக ஆர்டர் தகவல் அனுப்பும் வசதியையும் இப்போது விட்டுவிடலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி அதற்கு டிஎல்டி எனப்படும் குறுஞ்செய்திப் பதிவுத் தளத்தில் நிறுவனத்தையும் செய்தி வடிவத்தையும் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவும் அலைச்சலும் உங்கள் ஆர்டர் அளவுக்குத் தேவையில்லை, மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் போதும்.

ஆனால் டொமைனை மட்டும் வேறெவரிடமும் விடாதீர்கள். உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, நீங்களே பணம் கட்டி வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பாத்திரக் கடைக்கு டொமைனை வாங்கிக் கொடுத்தவர் அதைத் தம் பெயரிலேயே பதிவு செய்திருந்தார். அவர் தொடர்பு எல்லைக்கு அப்பால் போனதும் புதுப்பிக்க வழியின்றி, எட்டாண்டுகளாக விசிட்டிங் கார்டிலும் பைகளிலும் அச்சிட்டு வந்த முகவரியை அந்தக் கடைக்காரர் கைவிட நேர்ந்தது. .காம் டொமைன் காலாவதியானாலும் உடனே போய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்துச் சில வாரச் சலுகைக்காலமும், அதன் பிறகு 30 நாள் மீட்புக்காலமும் உண்டு. ஆனால் மீட்புக்காலத்தில் கேட்கும் தொகை வழக்கமான கட்டணத்தைப்போலப் பல மடங்கு. எனவே முதலிலேயே மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது.

ஈரோடு கணக்காளர்

மேலே உள்ளவர் சொன்ன கணக்கு சரியானது. ஆனால் உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் குறிப்பிட்ட ஒரு செய்திதான் என் கண்ணுக்கு முதலில் பட்டது. நீங்கள் காம்போசிஷனில் இருக்கிறீர்கள். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி, அந்தத் திட்டத்தில் இருப்பவர் மாநிலத்துக்கு வெளியே சரக்கு விற்க இயலாது. பெங்களூருக்கு ஒரே ஒரு போர்வையைத் தளத்தின் வழியாக விற்றாலும் நீங்கள் அந்தத் திட்டத்தின் தகுதியை இழந்துவிடுவீர்கள். புதுச்சேரியும் காரைக்காலும் நமக்குப் பக்கத்து ஊர்கள் போலத் தோன்றினாலும் வரிக்கணக்கில் அவை வெளிமாநில விற்பனையாகவே கொள்ளப்படும். இந்தியா முழுவதும் இலவச டெலிவரி என்ற பலகையோடு தளத்தைத் திறப்பதற்கு முன்பு இந்த முடிவை எடுத்தாக வேண்டும். தளம் அமைத்துத் தருபவர் இதைப் பற்றிக் கேட்க மாட்டார், அவருக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

காம்போசிஷனிலிருந்து வெளியே வருவது பெரிய தண்டனை அல்ல. சிஎம்பி-04 படிவத்தில் தெரிவித்துவிட்டு வழக்கமான முறைக்கு வரலாம். வந்தவுடன் 30 நாளுக்குள் ஐடிசி-01 படிவத்தைத் தாக்கல் செய்தால், கையிருப்பில் உள்ள சரக்குக்கு வாங்கும்போது கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்ள முடியும். கொள்முதல் பில்கள் ஓராண்டுக்கு மேற்பட்டவையாக இருக்கக் கூடாது என்பதால் இப்போதிருந்தே அவற்றை ஒழுங்காகக் கோத்து வையுங்கள். ஆனால் நிதியாண்டின் நடுவில் வெளியே வந்தால் அதே ஆண்டில் திரும்பச் சேர முடியாது. ஆகவே ஏப்ரலில் மாறுவது போலத் திட்டமிடுவது எல்லா வகையிலும் வசதி.

மாறினால் உங்கள் செலவுப் பட்டியலில் இரண்டு இனங்கள் மாறும். இப்போது விற்றுமுதலில் ஒரு விழுக்காட்டை உங்கள் கையிலிருந்து கட்டுகிறீர்கள், வாடிக்கையாளரிடம் வரி வசூலிப்பதில்லை. வழக்கமான முறையில் வரியைப் பில்லில் தனியாகக் காட்டி வசூலிக்க வேண்டும் என்பதால், கடையில் ஒட்டியிருக்கும் விலையும் தளத்தில் போடும் விலையும் வரி உள்ளடங்கியதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கணக்கு எழுதும் வேலையும் கூடும். ஐந்து கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை விவர அறிக்கை தரும் வசதி இருந்தாலும், பில்களை மாதாமாதம் பதிவு செய்துதான் ஆக வேண்டும். அதற்குக் கணக்கருக்கு மாதம் ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மறுபுறம், தளத்துக்கான 65,000 ரூபாயின் மேல் வரும் 11,700 ரூபாய் ஜிஎஸ்டியை இப்போது நீங்கள் திரும்பப் பெற முடியாது, வழக்கமான முறையில் வரவாக எடுக்கலாம். ஹோஸ்டிங், விளம்பரம், கூரியர் பில்களுக்கும் அப்படியே. எனவே பெரிய தொகைக்கான பில், நீங்கள் வழக்கமான முறைக்கு மாறிய பிறகு வரும்படி வேலையை அமைத்துக்கொண்டால் அந்த வரி மிஞ்சும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இல் நடைமுறைக்கு வந்துவிட்டன. உங்கள் நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் பெயர், தொடர்பு எண் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறைதீர் அலுவலராகக் குடும்பத்தில் ஒருவரே இருக்கலாம். திருப்பி அனுப்புதல், பணம் திருப்பித் தருதல், தனியுரிமை பற்றிய பக்கங்கள் இல்லாவிட்டால் இணையத்தில் பணம் வாங்கித் தரும் பணம்பெறு நிறுவனங்களும் (பேமென்ட் கேட்வே) உங்கள் கணக்கைத் திறந்து தரமாட்டா. இந்தப் பக்கங்களை எழுதித் தருவது ஒப்பந்தத்தில் சேருமா என்று கேளுங்கள். வேறொரு தளத்திலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டிவிட்டு, அதில் அந்த நிறுவனத்தின் ஊரும் நீதிமன்ற எல்லையும் மாறாமல் கிடப்பதைப் பல தளங்களில் பார்த்திருக்கிறேன்.

சந்தைப் பக்கம்

இவ்வளவு செலவும் சிக்கலும் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற சந்தைத் தளங்களில் விற்பனையாளராகச் சேர்ந்துவிட்டால் தளம் அமைக்கும் செலவே இல்லை. கூட்டம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, கூரியரையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். சொந்தத் தளத்தைத் திறந்து வைத்துவிட்டு, அதற்கு ஆளை வரவழைக்க விளம்பரத்துக்குச் செலவு செய்துகொண்டே இருக்க வேண்டும் என்பதை யாரும் குறிப்பிடவில்லையே.

கரூர் விரிப்பு

வணக்கம் அண்ணா. நாங்கள் கரூரில் மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் செய்து சொந்தத் தளத்திலும் சந்தைத் தளங்களிலும் விற்று வருகிறோம். சந்தைப் பக்கம் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அங்கே வாங்குபவர் எங்கள் வாடிக்கையாளராக ஆவதில்லை. அவருடைய கைப்பேசி எண்கூட நமக்குக் கிடைக்காது, மறுமுறை அவர் தேடும்போது பத்து ரூபாய் குறைவாக விற்பவரிடம் போய்விடுவார். உங்களிடமோ ஏற்கெனவே வாங்கிப் பழகிய, பெயர் சொல்லிக் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தளத்தின் முகவரியை அனுப்ப விளம்பரச் செலவு தேவையில்லை. சந்தைத் தளத்தின் கமிஷன் தொகையை அவர்கள் பொருட்டும் கட்டுவது வீண். தவிர, இந்தியா முழுவதும் விற்க வேண்டுமானால் அங்கேயும் கணக்காளர் ஐயா சொன்ன அதே ஜிஎஸ்டி மாற்றம் வேண்டும்.

எங்கள் அனுபவத்தில் தளத்தின் வடிவமைப்பைவிட விற்பனையைத் தீர்மானிப்பது படம்தான். துணியைத் தொட்டுப் பார்க்காமல் வாங்குபவருக்கு அந்தப் படம்தான் கை. தொழில்முறைப் புகைப்படக்காரரை ஒரு நாள் வரவழைத்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நிறத்தில் மட்டும் அவரை முழுமையாக நம்பி விட்டுவிடாதீர்கள். கருநீலமும் ஊதாவும் மின்விளக்கில் ஒன்றுபோல விழும். மெரூன் நிறம் கைப்பேசித் திரையில் சிவப்பாகத் தெரியும். காலை வேளையில் நேர்வெயில் விழாத சன்னலோரத்தில் துணியை விரித்து, ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து எடுத்தால், பிறகு கணினியில் அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை சரிசெய்தால் போதும், துணியின் நிறமும் சரியாகிவிடும். ஒவ்வொரு சரக்குக்கும் முழு விரிப்பு ஒன்று, மடித்தது ஒன்று, கரையும் நெசவும் தெரியும்படி மிக அருகில் ஒன்று, கட்டிலின் மேல் போட்டது ஒன்று என்று நான்கு படங்கள் இருக்கட்டும். நீள அகலத்தை அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும், எடையைக் கிராமிலும் எழுதுங்கள். நாங்கள் எடையை எழுதத் தொடங்கிய பிறகு, நினைத்ததைவிட மெல்லிசாக இருக்கிறது என்று திரும்பி வரும் துண்டுகள் வெகுவாகக் குறைந்தன.

அடுத்தது கூரியர். போர்வை போன்ற சரக்கில் லாபத்தைத் தின்பது இதுதான். பெரும்பாலான கூரியர் நிறுவனங்கள் உண்மை எடை, கன அளவு எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் கன அளவு எடை கிலோவில் வரும். இரண்டு போர்வைகளை 40-க்கு 30-க்கு 15 அளவுள்ள அட்டைப்பெட்டியில் வைத்தால், தராசில் 2.2 கிலோ காட்டினாலும் பில் 3.6 கிலோவுக்கு வரும். அதே போர்வைகளைக் காற்றுப் போக அழுத்தி மடித்து, 8 சென்டிமீட்டர் உயரத்துக்குள் கூரியர் பையில் போட்டால் கன அளவு எடை 1.92-க்கு இறங்கிவிடும்; பிறகு உண்மை எடைக்கு மட்டும் கட்டினால் போதும். தளம் அமைப்பவரிடம் ஒவ்வொரு சரக்கின் எடையையும் மடித்த அளவையும் கொடுத்து, ஊருக்குத் தகுந்தபடி கூரியர் கட்டணம் தானாக வரும்படி செய்யச் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்று வைத்தால் பக்கத்து ஊர்க்காரர் ஏமாறுவார், தொலைவூர்க்காரரால் நீங்கள் நட்டப்படுவீர்கள்.

பொருள் கையில் கிடைத்த பிறகு பணம் தரும் முறையைத் தொடக்கத்தில் வைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். வாங்க மறுத்துத் திரும்பி வரும் பார்சலுக்குப் போகும் கூலியும் வரும் கூலியும் நம் தலையில்தான் விழும். பணம்பெறு நிறுவனம் எடுத்துக்கொள்ளும் தொகையையும் கணக்கில் சேருங்கள். பொதுவாக இரண்டு விழுக்காடும் அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் என்றால் 1,500 ரூபாய் ஆர்டருக்கு 35 ரூபாய் 40 காசு போகும். வாடிக்கையாளர் பொருளைத் திருப்பினாலும் பல நிறுவனங்களில் அந்தத் தொகை திரும்பி வராது. இதனால்தான் முதலாண்டில் தளத்தைப் படப் பட்டியலாக மட்டும் வைத்து, ஒவ்வொரு சரக்கின் கீழும் வாட்ஸ்அப்பில் கேட்கவும் என்ற பொத்தானைக் கொடுத்து, பணத்தை யூபிஐ வழியாகக் கடைக் கணக்குக்கே வாங்குவது உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். நாளொன்றுக்குப் பத்து ஆர்டருக்கு மேல் வந்து, வாட்ஸ்அப்பில் பதில் சொல்லவே ஓர் ஆள் வேண்டும் என்ற நிலை வரும்போது கூடையும் கட்டணப் பக்கமும் சேர்த்துக்கொள்ளலாம்.

தறிவீடு

எல்லோருக்கும் மிக்க நன்றி. காம்போசிஷன் பற்றிய விளக்கம் எங்களைப் பெரிய சிக்கலிலிருந்து காத்தது. எங்கள் கணக்கரிடமும் பேசிவிட்டோம். வரும் ஏப்ரல் வரை தமிழ்நாட்டுக்குள் மட்டும் அனுப்புவதென்றும், கரூர்ச் சகோதரி சொன்னபடி முதலில் படப் பட்டியலும் வாட்ஸ்அப்பும் போதுமென்றும், ஏப்ரலுக்குப் பிறகு முழுக் கடையாக மாற்றுவதென்றும் தீர்மானித்திருக்கிறோம்.

இரண்டு சந்தேகங்கள் எஞ்சியுள்ளன. இந்த 80,000 ரூபாயை எப்படிப் பிரித்துக்கொள்வது? இன்னொன்று, எங்களிடம் சரக்கு விவரங்கள் அடங்கிய தமிழ்ப் பட்டியல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஊரில் அச்சகத்தில் தட்டச்சு செய்தது. அதைத் தளத்தில் அப்படியே ஏற்ற முடியாது, மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டும் என்று ஒருவர் தனியாக 9,000 ரூபாய் கேட்கிறார். அது நியாயமா?

எழுத்துரு ஆர்வலர்

இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். அச்சகங்கள் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்வது வழக்கம். அவற்றில் திரையில் தமிழ் தெரிந்தாலும் கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே. அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும், கூகுளில் தேடினாலும் அகப்படாது. எனவே எல்லாக் கருவிகளிலும் படிக்கக் கூடிய ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றியே தீர வேண்டும் என்று அவர் சொன்னது சரி. ஆனால் மறுபடி தட்டச்சு செய்யத் தேவையில்லை. பாமினியிலிருந்தும் மற்றப் பழைய குறியேற்றங்களிலிருந்தும் ஒருங்குறிக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. அச்சகத்திலிருந்து மூலக் கோப்பை வாங்கி, அதிலுள்ள எழுத்துருவின் பெயரைப் பார்த்துக் கருவியில் இட்டால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எண்களும் நிறுத்தக்குறிகளும் சில இடங்களில் சிதையும் என்பதால், விலையையும் அளவையும் மட்டும் வீட்டில் யாராவது உட்கார்ந்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். தளத்துக்கான எழுத்துருவுக்கும் பணம் கொடுக்க வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற நல்ல எழுத்துருக்கள் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமே.

வலைத்தச்சர்

நல்ல முடிவு ஐயா. அந்த 9,000 ரூபாய் மிஞ்சியதால் பிரிப்பதும் எளிதாகிறது. வேர்ட்பிரஸில் படப் பட்டியல் தளம், பின்னால் வூகாமர்ஸைச் சேர்க்கக் கூடிய அமைப்போடு, 30,000 ரூபாய்க்குள் நல்லவராகவே கிடைப்பார், வரியோடு 35,400. படம் எடுக்க 15,000. சரக்கு விவரங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சரிபார்த்து எழுத 6,000. டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் முதலாண்டில் 6,300. இவை 62,700 ஆகின்றன. டொமைனை மூன்றாண்டுக்குக் கட்டினால் இன்னும் 2,600 கூடும். எஞ்சும் 14,700 ரூபாயை எதற்கும் தொடாமல் ஏப்ரலில் கடைப் பகுதியைச் சேர்ப்பதற்கான முன்பணமாக வைத்திருங்கள். அந்த வேலைக்கான பில் நீங்கள் வழக்கமான முறைக்கு மாறிய பிறகு வருவதால் அதன் வரியும் வரவாகும். படத்துக்கு ஒதுக்கியதைக் குறைத்து வடிவமைப்பில் போட வேண்டும் என்று யார் சொன்னாலும் இசையாதீர்கள்.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். தொடங்கும்போது 30 விழுக்காடு. சரக்கை ஏற்றுவதற்கு ஆயத்தமான சோதனைத் தளத்தைக் கண்ணால் பார்த்த பிறகு 40. மீதமுள்ள 30-ஐத் தளம் திறந்து பதினைந்து நாள் பழுதில்லாமல் ஓடிய பிறகு. எழுத்தில் பெற வேண்டியவற்றுள் முதன்மையானது, எத்தனை சரக்குகளை யார் ஏற்றுவது என்பது. இருநூறு நிறங்களையும் அவர் ஏற்றுவாரா, இருபதை ஏற்றிக் காட்டிவிட்டு மீதியை உங்களிடம் விடுவாரா என்பதில்தான் பெரும்பாலான சச்சரவு எழுகிறது. எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், தளம் நின்றுபோனால் எத்தனை மணி நேரத்தில் பார்ப்பார், கட்டணச் செருகுநிரல்களின் உரிமம் யார் பெயரில் இருக்கும் என்பவையும் அதில் இருக்கட்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் அனுப்பப்படும் என்ற அறிவிப்பு முகப்பிலும் ஒவ்வொரு சரக்கின் கீழும் தெரிய வேண்டும் என்பதையும், ஏப்ரலில் அதை நீக்குவதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன்பு, ஹோஸ்டிங் கணக்கு, வேர்ட்பிரஸ் நிர்வாகி கணக்கு இரண்டின் கடவுச்சொற்களையும் வாங்கி நீங்களே உள்ளே நுழைந்து மாற்றுங்கள். காப்புப் பிரதி தானாக எடுக்கப்படுகிறது என்று சொன்னால் அதோடு விட்டுவிடாமல், முந்தைய நாள் பிரதியிலிருந்து தளத்தை உங்கள் கண்ணெதிரே ஒரு முறை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பிரதியின் ஒரு நகலை உங்கள் கணினியிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.